பழைய கிணற்றுத் தரவுகளை எந்த வடிவத்துக்கு மாற்றுவது?

இந்த மாரிக்குள் நாலு பேர் ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இறுதியாண்டு படிக்கும் மாணவி. குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணறுகளின் நைத்திரேற்று அளவைத் தொண்ணூறுகளிலிருந்து இன்றுவரை ஒப்பிடப் போகிறார், கையில் இருப்பதெல்லாம் டிபேஸ், ஃபொக்ஸ்புரோ போன்ற பழைய மென்பொருள்கள் அட்டவணையாக எழுதிவைத்த டிபிஎஃப் கோப்புகள். இன்னொருவர் ஓய்வுபெற்ற நீர்ப் பரிசோதனை அலுவலர். பிஸ்கட் பெட்டி ஒன்றில் சீடிகளையும் பிளொப்பிகளையும் அடுக்கிக் கொண்டுவந்து, "தம்பி, உதுகளை இப்பத்தைக் கொம்பியூட்டரிலை திறக்கிற மாதிரி மாத்தித் தருவீரோ?" என்று கேட்டார். மூன்றாமவரிடம் செய்மதி மழைத் தரவு. நாலாமவரிடம் ஒரு தானியங்கிக் கருவி கால்மணிக்கு ஒருதடவை பதிந்துகொண்டே வந்த நீர்மட்டம்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான். குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் மழை பெய்து சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்கும் அந்தத் தண்ணீரைத்தான். 1992ல் ஒரு கிணற்றில் எவ்வளவு உப்பு இருந்தது என்பதை இன்று போய் அளக்க முடியாது. அந்த எண் அந்தப் பிஸ்கட் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதனால் எந்த வடிவம் என்ற கேள்வியை நான் அவசரமாக முடிப்பதில்லை.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். கிணற்று மாதிரிகள் போன்ற அட்டவணைத் தரவுக்கு, வைத்திருக்க எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்), கொடுக்க சிஎஸ்வி (காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு). நிலப்பரப்பைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரத்துக்கு ஒரு எண்ணாக வரும் மழை, வெப்பநிலைத் தரவுக்கு நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவு வடிவம். எக்செல் பார்ப்பதற்கு மட்டும். எதை எடுத்தாலும் மூலக் கோப்பை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். ஏன் இப்படி என்பதுதான் இனி வருவது.

## எதை வைத்து எடைபோடுவது

எது புதிதாக வந்தது என்று நான் பார்ப்பதில்லை. ஐந்து விஷயம் பார்ப்பேன்.

இருபது வருடம் கழித்துத் திறக்குமா? மென்பொருள் செய்த கம்பனி கைவிட்ட பிறகும் திறக்க வேண்டும். விசுவல் ஃபொக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பு 2004ல் வந்தது, 2015ல் ஆதரவும் நின்றுவிட்டது. அதில் எழுதிய தரவுகள் மட்டும் இன்னும் எத்தனையோ அலுமாரிகளில் இருக்கின்றன.

அர்த்தமும் கூட வருமா? 12 என்ற எண் வந்தால் போதாது. எதன் 12, எந்த அலகில், எந்த முறையில் அளந்தது என்பதும் அதோடு ஒட்டிக்கொண்டு வரவேண்டும்.

எண் எண்ணாகவும் எழுத்து எழுத்தாகவும் நிற்குமா? கிணற்று இலக்கம் 0012 என்பது 12 ஆகிவிட்டால் அது வேறு கிணறு.

நாளைக்குத் திறக்கப்போவது யார்? பைதன் என்ற கணினி மொழி தெரிந்த மாணவியா, எக்செல் மட்டும் தெரிந்த பிரதேச செயலக உத்தியோகத்தரா, கைபேசியில் பார்க்கும் விவசாய சங்கத் தலைவரா?

மாற்றிச் சரிபார்க்க எத்தனை நாள் மினக்கெட வேண்டும்? மாற்றுவது அரை மணி நேரம். சரிபார்ப்பது வாரக்கணக்கு. இதைத்தான் யாரும் முதலில் கணக்கில் எடுப்பதில்லை.

கோப்பின் பருமனைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. 300 கிணறு, மாதம் ஒருதடவை, 20 வருடம் என்றால் 72,000 நிரை (கிடை வரிசை). எந்த வடிவத்தில் வைத்தாலும் சில மெகாபைட்தான், கைபேசிப் படம் இரண்டு மூன்றின் அளவு.

## எந்த வடிவம் எடுத்தாலும் கொடுக்கவேண்டிய விலை

வடிவங்களை ஒப்பிட முன்னர் இதை ஆறுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது, வடிவத்தின் மேல் பழி விழுகிறது.

முதலாவது பாமினி. எங்கள் பக்கத்துப் பழைய கோப்புகளில் ஊர்ப்பெயர், சொந்தக்காரர் பெயர், குறிப்பு எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டியவை. பாமினியில் தெரிவது தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. 'யாழ்' என்று நாங்கள் வாசிப்பதைக் கணினி ஏ, எச், ஓ, ஒரு அரைப்புள்ளி என்று வைத்திருக்கிறது. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அதில் வேறு வேறு: சிறிய கே என்றால் ம, பெரிய கே என்றால் மு. யாராவது 'ஒழுங்குபடுத்துகிறேன்' என்று அந்த நிரல் (மேலிருந்து கீழே வரும் கட்டவரிசை) முழுவதையும் பெரிய எழுத்தாக மாற்றியிருந்தால் பெயர்கள் போனதுதான், திரும்பி வராது.

இதில் எனக்கு மறக்க முடியாதது காற்புள்ளி. பாமினியில் காற்புள்ளி விசைதான் 'இ'. சிஎஸ்வியிலோ காற்புள்ளிதான் நிரல்களைப் பிரிக்கும் வேலி. மாணவி கொண்டுவந்த கோப்புகளோடு, முன்பு யாரோ மேற்கோள் குறி போடாமல் ஏற்றுமதி செய்துவைத்த ஒரு சிஎஸ்வியும் இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உரும்பிராய் சரி, கோண்டாவில் சரி, சுன்னாகம் சரி. ஆனால் இணுவில், இளவாலை, இடைக்காடு, இருபாலை ஆகிய நாலு ஊர்க் கிணறுகள் மட்டும் ஒரு நிரல் வலப்பக்கம் தள்ளிப்போய் நின்றன. 'இ' அங்கே வேலியாகிவிட்டது. ஊர்ப்பெயர் போய் நைத்திரேற்று நிரலில் விழுந்தது, நைத்திரேற்று போய் பிஎச் (அமிலத்தன்மை) நிரலில் 8.2 என்று உட்கார்ந்தது. 8.2 பிஎச் ஆகவும் இருக்கலாம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. பிஎச் போய்க் குளோரைட்டு நிரலில் 7.1 என்று கிடந்தது. அதைப் பார்த்துத்தான் பிடித்தோம். எங்கள் மண்ணில் லீற்றருக்கு 7 மில்லிகிராம் குளோரைட்டு என்றால் அது கிணற்றுத் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர். சராசரி எடுக்கும்போது நைத்திரேற்று நிரலில் எழுத்து இருக்கும் கட்டங்களை எக்செல் பேசாமல் தாண்டிவிடும். ஆக, நாலு ஊர் கணக்கிலேயே இல்லை.

இதற்கு வழி சுலபம். டிபிஎஃப்பை நேரடியாகப் பைதனில் வாசித்து, தமிழ் நிரல்களை மட்டும் யுனிகோடாக்கி, அதன் பிறகு எழுதுங்கள். முழுக் கோப்பையும் பாமினியை யுனிகோடாக்கும் மாற்றியில் கொட்டக்கூடாது, ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பும் வாசிக்க முடியாத தமிழாகிவிடும். பழைய எக்செல் கோப்பு என்றால் ஒரு வசதி உண்டு: ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்த எழுத்துரு என்பது அதற்குள் இருக்கும், எது பாமினி என்று அதைப் பார்த்தே பிரிக்கலாம். முதலில் சிஎஸ்வியாக்கினால் எழுத்துரு விவரம் அழிந்துவிடும். வரிசை முக்கியம்.

இரண்டாவது, இல்லை என்பதும் பூச்சியமும். டிபிஎஃப்பில் நிரப்பாத எண் வெறும் இடைவெளியாக இருக்கும், சில மென்பொருள்கள் அதை 0 என்று வாசிக்கும். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. அடுத்த வருடம் சனம் திரும்பும்வரை அளக்க ஆளில்லை. கோப்பில் அந்த மாதங்களுக்கு நிரை இருக்கிறது, எண் இல்லை. அது 0 ஆக மாறினால், அந்த மாரியில் வலிகாமத்துத் தண்ணீரில் நைத்திரேற்றே இருக்கவில்லை என்று ஒரு வரைபடம் வரும். பிஎச் 0 என்றால் யாரும் பிழை என்று பிடிப்பார்கள், நைத்திரேற்று 0 என்றால் நம்பிவிடுவார்கள். வெற்றாக இருப்பதை வெற்றாகவே கொண்டுபோய், ஏன் வெற்று என்பதை விளக்கக் குறிப்பில் எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது அலகு. டிபிஎஃப்பில் நிரலின் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போகாது, அலகு எழுத இடமில்லை. நைத்திரேற்றை இரண்டு விதமாகச் சொல்வார்கள்: முழு நைத்திரேற்றாக ஒன்று, அதிலுள்ள நைதரசனாக மட்டும் இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் 4.43 மடங்கு. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு நைத்திரேற்றாக லீற்றருக்கு 50 மில்லிகிராம், நைதரசனாகச் சொன்னால் ஏறத்தாழ 11. அப்படியென்றால் 12 என்ற எண் முதல் கணக்கில் குடிக்கக்கூடிய தண்ணீர், இரண்டாவது கணக்கில் 53 ஆகி எல்லையைத் தாண்டிய தண்ணீர். தண்ணீரின் உப்புத்தன்மையைக் காட்டும் மின்கடத்துதிறனும் இப்படித்தான். பழைய பதிவில் 1.4 என்றால் அது மில்லிமோ என்ற பழைய அலகு, இன்றைய மைக்ரோசீமன்ஸில் 1,400.

நாலாவது இடம். பழைய இலங்கைக் கட்டத்தின் (இடத்தைக் கிழக்கு, வடக்கு மீட்டர்களில் சொல்லும் வரைபட முறை) ஆரம்பப் புள்ளிக்கு இரு திசையிலும் 200,000 மீட்டர் என்று வைத்திருந்தார்கள், 1999ன் புதிய கட்டத்தில் அது 500,000. இரண்டிலும் ஆரம்பம் பீதுருதாலகாலை மலைப்பக்கம்தான், ஆனால் எண்ணில் 3 இலட்சம் மீட்டர் வித்தியாசம். பழைய எண்ணைப் புதியதென்று நினைத்து வரைபடத்தில் போட்டால் யாழ்ப்பாணத்துக் கிணறு கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்குள் போய் நிற்கும். கடலில் நின்றால் தெரிந்துவிடும். இரண்டு கட்டத்துக்கும் இடையிலுள்ள மற்றச் சிறு விலகலைக் கவனிக்காமல் 3 இலட்சத்தை மட்டும் கூட்டிவிட்டால்தான் கிணறு அடுத்த ஒழுங்கையில் போய் நிற்கும், கண்ணுக்கும் தெரியாது.

இன்னும் இரண்டு சிறு விஷயம். டிபிஎஃப்பில் அழித்த நிரை உண்மையில் அழிவதில்லை, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். மாற்றும் கருவி அதைப் பார்க்காவிட்டால் பிழையென்று தள்ளிய அளவீடுகள் எழும்பி வந்துவிடும். திகதி எழுத்தாக இருந்தால் 03/11 என்பது மூன்றாம் திகதியா மூன்றாம் மாதமா என்று சரிபார்க்கவேண்டும். இதற்கு எங்கள் கிணறே சாட்சி: மாரி முடிய நீர்மட்டம் ஏறும், ஆவணி புரட்டாசியில் அடியில் நிற்கும். நாளையும் மாதத்தையும் மாற்றி வாசித்திருந்தால் அந்த ஏற்ற இறக்கம் குழம்பித் தெரியும்.

சரி, இனி வடிவங்கள்.

## 1. மாற்றாமல் பழைய மென்பொருளிலேயே வைத்திருப்பது

பழைய கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றில் பழைய மென்பொருளை ஓட்டலாம். லிப்ரே ஆபிஸ் இன்றைக்கும் டிபிஎஃப்பையும் லோட்டஸ் என்ற பழைய விரிதாள் கோப்பையும் திறக்கும். வரைபடக்காரர் பயன்படுத்தும் ஷேப் கோப்புக்குள் விவரம் இருப்பதே டிபிஎஃப்பில்தான், அதனால் டிபிஎஃப் நாளைக்கே சாகப்போவதில்லை.

இதன் பலம் எதுவும் தொலையாது என்பது. பலவீனம், ஒருவரும் பயன்படுத்த மாட்டார்கள் என்பது. மறைந்திருக்கும் செலவு கருவியில்: 1966, 67ல் நிலாவைச் சுற்றிய லூனார் ஓர்பிட்டர் விண்கலங்களின் படங்கள் இருந்த நாடாக்கள் பத்திரமாகத்தான் இருந்தன, அவற்றை வாசிக்கும் ஆம்பெக்ஸ் இயந்திரங்கள்தான் ஓடவில்லை. 2008 தொடக்கம் ஒரு குழு, நாசா ஏம்ஸ் வளாகத்தில் மூடிக்கிடந்த மக்டொனால்ட்ஸ் கட்டடம் ஒன்றில் இருந்துகொண்டு, அந்த இயந்திரங்களைத் திருத்தி எடுத்து நாடாக்களை வாசித்தது. எங்களிடம் அப்படிப்பட்ட குழு இல்லை. பிளொப்பி இருந்தால் இந்தக் கிழமையே பிரதி எடுங்கள், வடிவத்தைப் பிறகு யோசிக்கலாம்.

எப்போது இது சரி: கோப்பில் அளவீட்டோடு சேர்ந்து படிவமும் கணக்குச் சூத்திரமும் இருக்கிறது, அதன் விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை என்றால். அதுவரைக்கும் மட்டும்.

## 2. எக்ஸ்எல்எஸ்எக்ஸ்

இன்றைய எக்செல் கோப்பு இதுதான். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் திறப்பார்கள், தமிழ் யுனிகோட் பிரச்சினை இல்லாமல் நிற்கும், இரண்டாவது தாளில் அலகுகளை எழுதிவைக்கலாம். உண்மையாகவே பெரிய வசதி, நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் எக்செல் நாங்கள் கேட்காமலே ஊகிக்கும். கிணற்று இலக்கம் 3-7 என்று தட்டினால் அதைத் திகதி ஆக்கிவிடும். 0012 பன்னிரண்டாகிவிடும். உலகம் முழுக்க மரபணு ஆய்வாளர்கள் இதனால் பட்ட பாட்டில், 2020ல் சில மரபணுக்களின் பெயர்களையே மாற்றவேண்டி வந்தது, அவை மார்ச், செப்டெம்பர் என்று திகதியாகிக்கொண்டே இருந்ததால். அதே வருடம் இங்கிலாந்தில் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தின் 65,536 நிரை எல்லையில் இடித்து ஏறக்குறைய 16,000 கோவிட் தொற்றுகள் கணக்கில் விடுபட்டன. கால்மணிக்கு ஒருதடவை பதியும் நீர்மட்டக் கருவி வருடத்துக்கு 35,040 நிரை தரும், பழைய எக்ஸ்எல்எஸ் இரண்டு வருடமே தாங்காது. புதியதில் எல்லை 1,048,576, ஆகவே ஒரு கருவிக்குப் போதும், இருபது கருவிக்குப் போதாது.

இன்னொரு செலவு யாரும் பேசாதது: யார் எந்தக் கட்டத்தை எப்போது மாற்றினார் என்பது தெரியாது. ஒரு விரல் தவறிப் பட்டால் 45 என்பது 455. மஞ்சள் நிறம் அடித்த கட்டம் 'சந்தேகம்' என்று ஒருவருக்கு மட்டும் தெரியும், அவர் மாற்றலாகிப் போனால் அது வெறும் மஞ்சள்.

எப்போது இது சரி: அலுவலகத்தில் காட்ட, அச்செடுக்க, புதிதாகத் தரவு தட்டிக்கொள்ள. வைப்பகமாக வேண்டாம்.

## 3. சிஎஸ்வியும் ஒரு விளக்கக் கோப்பும்

வெறும் எழுத்து. நோட்பேட் போதும், எந்தக் கம்பனியும் தேவையில்லை, இருபது வருடம் கழித்தும் திறக்கும். நடுவில் ஓரிடம் பழுதானாலும் அந்த நிரை மட்டும்தான் போகும், சுருக்கிவைத்த கோப்பு என்றால் முழுதும் போகலாம்.

சிஎஸ்விக்கு அலகு தெரியாது, எண்ணா எழுத்தா என்று தெரியாது, வெற்றுக்கும் இல்லாததுக்கும் வித்தியாசம் தெரியாது. அதெல்லாம் பக்கத்தில் வைக்கும் விளக்கக் கோப்பில்தான் இருக்கவேண்டும், அந்தக் கோப்போ மின்னஞ்சலில் அனுப்பும்போது முதலில் விடுபடுவது. நான் இப்போது இரண்டையும் ஒரே சிப் கோப்பில் போட்டு, கிணறுகளுக்கு ஒன்று, அளவீடுகளுக்கு ஒன்று என்று பிரித்துத்தான் கொடுக்கிறேன். தலைப்பு வரியிலேயே அலகையும் எழுதிவிடுகிறேன், 'நைத்திரேற்று_நைதரசனாக_மிகி_லீ' என்று நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, அது பிரிந்து போகாது.

தமிழுக்கு ஒரு தொல்லை உண்டு. யுனிகோடில் (யுடிஎஃப்-8) எழுதிய சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்தால் பல நேரம் தமிழ் முழுக்கக் கோணல் குறியாக வரும். தரவு கெட்டுவிட்டது என்று பயந்து அதையே சேமித்துவிட்டால் அப்போதுதான் உண்மையில் கெடும். கோப்பின் தொடக்கத்தில் யுடிஎஃப்-8 அடையாளக் குறியோடு எழுதினால், அல்லது எக்செலின் தரவு இறக்குமதி வழியாகத் திறந்தால், ஒழுங்காக வரும்.

எப்போது இது சரி: மற்றவருக்குக் கொடுக்க, பிரசுரிக்க, ஒரேயொரு எளிய அட்டவணையை நீண்டகாலம் வைக்க.

## 4. எஸ்கியூலைட்

ஒரே கோப்பு, பென் டிரைவில் கொண்டுபோகலாம், சேர்வர் வேண்டாம், காசு வேண்டாம். கிணறு ஒரு அட்டவணை, அளவீடு ஒன்று, அலகுகள் ஒன்று, எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒன்று. 'அளவீட்டில் வரும் கிணற்று இலக்கம் கிணற்றுப் பட்டியலில் இருக்கவேண்டும்', 'பிஎச் 0க்கும் 14க்கும் இடையில்' என்று கட்டுப்பாடு போட்டு, அதை இயக்கியும் வைத்துவிட்டால் பிழையான எண் உள்ளே நுழையும்போதே தடுக்கப்படும். மாணவியின் கோப்பைப் போட்டுப் பார்த்த முதல் நாளே, பட்டியலில் இல்லாத கிணற்று இலக்கங்கள் வரிசையாக வந்து நின்றன. பார்த்தால் ஒரே கிணற்றுக்கு இரண்டு காலத்தில் இரண்டு இலக்கம் கொடுத்திருக்கிறார்கள். எக்செலில் என்றால் அவை இரண்டு கிணறாகவே இருந்திருக்கும்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தரவுத் தொகுப்புகளைக் காக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் சிஎஸ்வியோடு எஸ்கியூலைட்டும் இருக்கிறது. அதைச் செய்பவர்கள் 2050 வரை ஆதரவு கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். வரைபடத்துக்குப் போகும் ஜியோபேக்கேஜ் வடிவமும் உள்ளே எஸ்கியூலைட்தான், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கிணறுகளை நேரே போட்டுப் பார்க்கலாம்.

செலவுகள்: சாதாரணமாக எஸ்கியூலைட் எண் நிரலில் எழுத்தையும் அனுமதிக்கும். 2021 கடைசியில் வந்த 3.37 பதிப்பிலிருந்து 'ஸ்ட்ரிக்ட்' என்று சொல்லி அதைத் தடுக்கலாம், சொல்லாவிட்டால் தடுக்காது. திகதிக்குத் தனி வகை இல்லை, வருடம்-மாதம்-நாள் என்று எழுத்தாகவே வையுங்கள். பெரிய செலவு ஆட்களில்தான். இரட்டைச் சொடுக்கில் திறக்காது, டிபி பிரவுசர் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் காட்டிக் கொடுக்கவேண்டும், ஒரு பின்னேரம் போகும். இரண்டு பேர் இரண்டு பென் டிரைவில் வைத்து மாற்றினால் இரண்டு உண்மை உருவாகிவிடும், ஆகவே எழுதுவது ஒருவர் மட்டும் என்று முதலே பேசி வைத்துவிடுங்கள்.

எப்போது இது சரி: பல அட்டவணைகள் ஒன்றோடொன்று தொடர்புபட்ட தரவுக்கு. எங்கள் கிணற்றுத் தரவு எல்லாம் இப்படித்தான்.

## 5. நெட்சிடிஎஃப், எச்டிஎஃப்5

அலகு, விளக்கம், நேரத்தின் தொடக்கம் எல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்கும். 'அர்த்தமும் கூட வருமா' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. நெட்சிடிஎஃப்-4 என்பது 2008லிருந்து எச்டிஎஃப்5 மேலேயே கட்டப்பட்டது, ஆகவே இரண்டும் அடியில் ஒன்றுதான். சதுரமாகவும் காலமாகவும் வரும் தரவுக்கு இதுவே உலக வழக்கம்: 1981லிருந்து வரும் சேர்ப்ஸ் மழைத் தரவு நெட்சிடிஎஃப்பில் கிடைக்கும், நாசாவின் ஐமேர்க் மழைத் தரவு எச்டிஎஃப்5ல் வரும்.

ஆனால் கிணறு சதுரமில்லை. ஒரு கிணற்றில் 40 அளவீடு, பக்கத்துக் கிணற்றில் 3. ஒருவர் பிஎச் மட்டும் அளந்தார், ஒருவர் எல்லாம் அளந்தார். இதை நெட்சிடிஎஃப்பில் திணித்தால் பெரும்பாலும் வெற்றிடமாக இருக்கும் ஒரு பெட்டி கிடைக்கும், அல்லது விதிமுறைப் புத்தகத்தோடு பல நாள் போராடவேண்டும். பைதன் தெரியாதவரால் உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியாது. நாசாவின் பனோப்ளி என்ற மென்பொருளில் பார்க்கலாம், மாற்ற முடியாது.

பழைய எச்டிஎஃப்4 கோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 4ம் 5ம் பெயரில்தான் அண்ணன் தம்பி, உள்ளே வேறு வேறு. 5ஐத் திறக்கும் மென்பொருள் 4ஐத் திறக்கும் என்று நம்பி இருக்காதீர்கள், இப்போதே மாற்றிவையுங்கள்.

எப்போது இது சரி: செய்மதித் தரவு, கணினி மாதிரியுருவின் வெளியீடு, ஒரே இடைவெளியில் பதியும் பல கருவிகள்.

பார்கே என்ற வடிவத்தையும் சிலர் கேட்கிறார்கள். கோடிக்கணக்கான நிரையை வேகமாக அலச நல்லது. 72,000 நிரைக்கு அதனால் எந்த லாபமும் இல்லை, பயன்படுத்துபவர் வட்டமும் சுருங்கும்.

## ஒரே பார்வையில்

| வடிவம் | 20 வருடம் கழித்து | அலகு, விளக்கம் | யாருக்கு வசதி | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| பழையபடியே | சந்தேகம் | தெரிந்தவர் இருக்கும்வரை | யாருக்கும் இல்லை | வாசிக்கும் கருவி |
| எக்ஸ்எல்எஸ்எக்ஸ் | திறக்கும் | தனித் தாளில் | எல்லோருக்கும் | கேட்காமல் மாற்றும் திகதியும் இலக்கமும் |
| சிஎஸ்வி | நிச்சயம் திறக்கும் | பக்கத்துக் கோப்பில், தொலையலாம் | எல்லோருக்கும் | தமிழ் எழுத்துக் குழப்பம் |
| எஸ்கியூலைட் | திறக்கும் | உள்ளேயே ஓர் அட்டவணையில் | கொஞ்சம் பழகியவருக்கு | பழக்கும் நேரம், இரட்டைப் பிரதி |
| நெட்சிடிஎஃப் | திறக்கும் | உள்ளேயே, முழுமையாக | பைதன் போன்ற கணினி மொழி தெரிந்தவருக்கு | கிணற்றுத் தரவுக்குப் பொருந்தாமை |
| பார்கே | திறக்கும் | கொஞ்சம் | பெரிய தரவு அலசுபவருக்கு | சிறிய தரவுக்கு வீண் வேலை |

## நாலு பேருக்கும் சொன்னது

மழைத் தரவுக்காரரை நெட்சிடிஎஃப்பிலேயே இருக்கச் சொன்னேன். அவர் அதைக் கிழித்து எக்செலில் போட யோசித்தார், வேண்டாம். யாழ் குடாநாட்டுச் சதுரங்களை மட்டும் வெட்டி எடுத்தால் கோப்பு சின்னதாகிவிடும். நீர்மட்டக் கருவிக்காரருக்கு, கருவி தந்த மூலக் கோப்பை அப்படியே ஓரிடத்திலும், அதிலிருந்து எடுத்ததை எஸ்கியூலைட்டிலும் வைக்கச் சொன்னேன். நீர்மட்டம் நிலத்திலிருந்து கீழே அளந்ததா, கடல்மட்டத்திலிருந்து மேலே கணக்கிட்டதா என்பதை முதல் வரியில் எழுதவும் சொன்னேன்.

மாணவிக்கு எஸ்கியூலைட், ஆய்வறிக்கையோடு இணைக்கச் சிஎஸ்வி. "அண்ணா, மாற்றின பிறகு எப்படி நம்புறது?" என்று கேட்டார். நான் செய்வது இதுதான்: நிரை எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றா, ஒவ்வொரு நிரலின் கூட்டுத்தொகையும் ஆகக்கூடியதும் ஆகக்குறைந்ததும் ஒன்றா, வெற்றுக் கட்டங்களின் எண்ணிக்கை ஒன்றா என்று பார்ப்பேன். பிறகு ஐம்பது நிரையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பழைய கோப்போடு கையால் ஒப்பிடுவேன், 'இ' வரும் ஊர்களைக் கட்டாயம் சேர்த்து. மூலக் கோப்புக்கு ஷா-256 எண் (கோப்பின் கைரேகை போன்றது) எடுத்து விளக்கக் கோப்பில் எழுதிவிடுவேன், பின்னாளில் யாராவது தொட்டிருந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

பிஸ்கட் பெட்டிக்காரரின் வேலைதான் நீண்டது. சீடிகளில் இரண்டு வாசிக்கவே இல்லை. மற்றவற்றை எஸ்கியூலைட்டில் ஏற்றி, முதல் சில பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன், நைத்திரேற்று எந்தக் கணக்கில் என்று எந்தக் கோப்பிலும் இல்லாததால். கண்ணாடியைப் போட்டு, விரலை நிரல் நிரலாக இறக்கிக்கொண்டு வந்தவர் யோசிக்காமலே சொன்னார்: "இது நைதரசனாத்தான் தம்பி. பிறகு புதுக் கருவி வந்தது, அதுக்குப் பிறகுதான் முழு நைத்திரேற்று." எந்த மாதம் என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு பழைய நாட்குறிப்பை எடுத்து வந்தார், கருவி வந்த நாள் அதில் இருந்தது. விளக்க அட்டவணையில் அந்தத் திகதியையும், எங்கிருந்து தெரிந்தது என்பதையும் எழுதினேன். எழுந்து வரும்போது அவர் தாளை இன்னொருதடவை வாங்கிப் பார்த்து, இணுவில் கிணறு ஒன்றில் விரலை வைத்தார். "இந்தக் கிணறு இப்ப இல்லை, மூடி வீடு கட்டிப்போட்டினம்." அந்தக் கிணற்றின் குறிப்பு நிரலில் அதையும் சேர்த்திருக்கிறேன்.